ஊர்வலம் முடிந்த பிறகு?

"மழைநீரைச் சேமிப்போம்" என்ற தட்டிகளை ஏந்தி மாணவர்கள் ஊர்வலம் போகிறார்கள். அதிகாரிகள் கொடியசைத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால், ஊர்வலம் கலைந்த பிறகு நடப்பதென்ன?

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றின் மீதே ஏறத்தாழ 1,30,000 லிட்டர் விழுகிறது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பை 2003-ல் சட்டம் கட்டாயமாக்கியது. அதே நகரம் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் என்று குடிநீர் வரவழைக்க நேர்ந்தது. வானத்தின் மீது பழி போடுவது நியாயமா?

தூர்ந்த குழியில் நீர் இறங்காது. வரத்துக் கால்வாய் மீது கட்டடம் எழும்பினால் வெள்ளம் ஏரிக்குப் போகாது. ஏழையின் குடிசைக்குள் புகும். வறட்சி வந்தாலோ, பணம் படைத்தோர் லாரித் தண்ணீர் வாங்குவர். உழைக்கும் பெண்கள் நடுநிசியில் குடங்களோடு வரிசையில் நிற்பர்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தெருத்தோறும் மக்கள் கூடிக் குழிகளைத் திறந்து தூர்வார வேண்டும். கிராம வரைபடத்துடன் கால்வாய் நெடுக நடந்து, அடைபட்ட இடங்களைக் குறித்து அதிகாரிகளிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றும் கை முதலில் மாளிகைகளைத் தொடட்டும். மாற்று இடம் தராமல் குடிசைகளைத் தொடக் கூடாது!

இந்த வேலையில் இறங்கினால்தான் ஊர்வலத்துக்குப் பொருள் உண்டு.