எந்தப் பக்கம் பாய்கிறது?

நரம்பணுவின் உடலிலிருந்து கிளைத்து நிற்கும் இழைகளுக்கு டெண்ட்ரைட் என்று பெயர் வைத்தவர் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். ஆண்டு 1889. கிரேக்கத்தில் டெண்ட்ரான் என்றால் மரம். நுண்ணோக்கியில் மரமாகத் தெரிந்தது, பெயரும் மரமாயிற்று. நம் பாடநூல்கள் அதை எழுத்து மாற்றி எடுத்துக்கொண்டன.

அந்தப் பெயர் வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. டெண்ட்ரைட் பிற அணுக்களின் செய்தியை வாங்கி அணுவின் உடலுக்குக் கொண்டுவருகிறது. ஆக்ஸான் செய்தியை வெளியே கொண்டுபோகிறது, அதன் முனையும் கிளைகிளையாகத்தான் பிரிகிறது. பார்வைக்கு இரண்டும் மரம். ஓட்டம் நேரெதிர்.

காவிரிக்கரையில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் புழங்குகின்றன. பவானியும் நொய்யலும் அமராவதியும் வந்து விழும்வரை காவிரி வாங்குகிற ஆறு, அவை துணையாறுகள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்ததும் அது கொடுக்கிற ஆறு. கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளையாறுகளாகப் பிரிந்துகொண்டே போகிறது. வயலுக்கு வந்தாலும் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. முன்னது பிரியப் பிரியச் சிறுக்கும், பின்னது சேரச் சேரப் பெருக்கும். மேலூர் வடிகால் கீழூருக்குப் பாசன வாய்க்காலாவதும் உண்டு. அப்போதும் எந்த ஊருக்கு எது என்பதில் மண்வெட்டி பிடித்தவருக்குக் குழப்பமில்லை.

பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளும் இதில் கறார்தான். தேவதான ஊர்களில் வரியில்லா நிலத்தைக் கழிக்கும்போது, ஊரை ஊடறுத்துக்கொண்டு வெளியூருக்குப் பாயப்போகும் வாய்க்காலையும் தனியே குறிக்கின்றன. நம் உடலிலும் அப்படியொன்று உண்டு: கழுத்தில் ஒரு கிளையும் விடாமல் நேரே மண்டைக்குள் ஏறும் உட்கழுத்துத் தமனி.

கலைச்சொல் அகராதிக் குழுக்களிடம் நாம் கேட்பது இதைத்தான். பிரிந்திருப்பதையெல்லாம் 'கிளை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். கொடுக்கிறதா, வாங்குகிறதா என்று பாருங்கள். டெண்ட்ரைட்டைத் துணையிழை என்றும், ஆக்ஸானின் முனைப் பிரிவுகளைக் கிளையிழை என்றும் சொல்லிப் பார்க்கலாம். துணையாறும் கிளையாறும் தெரிந்த மாணவர் அந்தப் பாடத்தில் பாதியைப் பெயரிலேயே படித்துவிடுவார். இதைவிட நல்ல சொல் கைவசம் உள்ளவர்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் விவாதிப்போம்.

– ஆசிரியர் குழு