சோழர் ஏரியில் காத்து அடிக்கலையே!

மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்கய்யா. "வங்கக்கடல் சோழர்களின் ஏரி"ன்னு இந்த வாரம் மட்டும் மூணு பதிவு படிச்சாச்சு. மூணுலயும் புலிக்கொடி, மூணுலயும் ராஜேந்திரன், மூணுலயும் 1025. காத்து மட்டும் ஒண்ணுலயும் இல்லை.

நான் மேல்மலையனூர்க்காரன். எங்களுக்குக் கடல் கிடையாது, ஏரிதான். ஏரின்னா என்னன்னு நல்லாவே தெரியும் சாமி. நினைச்சப்ப இறங்கலாம், நினைச்சப்ப கரையேறலாம். பாயை நம்பி வங்கக்கடல்ல அது நடக்குமா? தென்மேற்குக் காத்து கிழக்கே தள்ளிட்டுப் போகும். திரும்பி வரணும்னா காத்து திசை மாறணும். மாறினதும் முதல்ல வர்றது ஐப்பசி, கார்த்திகைப் புயல். அதுவும் அடங்கினாத்தான் நாகப்பட்டினம். அதுவரைக்கும் கடாரமோ சுமத்ராவோ, ஏதோ ஒரு கரையில மாசக்கணக்கா உக்காந்திருக்கணும். சக்கரவர்த்தி கப்பலுக்கும் அதே கதிதான். காத்துக்கு மெய்க்கீர்த்தி படிக்கத் தெரியாது.

உடனே "தமிழனை மட்டம் தட்டறான்"னு கும்ம வராதீங்க. அந்தக் காத்திருப்புலதான் நம்ம கடல் வரலாறே இருக்குன்னு சொல்ல வர்றேன்.

யி ஜிங்னு ஒரு சீனத் துறவி. 671ல காண்டன்ல கப்பல் ஏறி ஸ்ரீவிஜயம் வந்தவர், ஆறு மாசம் அங்கயே தங்கி சம்ஸ்கிருத இலக்கணம் படிச்சார். அப்புறம் கடாரம் வழியா வடக்கே போறப்ப, நிக்கோபார்னு ஆய்வாளர்கள் சொல்ற தீவுல, ஜனங்க படகுல தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு வந்து, பதிலுக்கு இரும்பு கேட்டதை எழுதி வெச்சிருக்கார். அதே நிக்கோபார் நம்ம மெய்க்கீர்த்தியில 'மாநக்கவாரம்'னு, பிடிச்ச ஊர் பட்டியல்ல ஒரு பேரா மட்டும் வருது. துறவி மனுஷனைப் பார்த்தார். நாம பட்டியலைப் பார்க்கறோம்.

சுமத்ராவுல பாரூஸ் பக்கம் லோபு துவாவுல 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. அதை வெச்சது தளபதி இல்லை, ஐநூற்றுவர் வணிகக்குழு. கப்பல் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்கு வெச்சுப் பொன் கட்டணும்னு அதுல விதி. வந்தோம், அடிச்சோம், போனோம்னு இருக்கறவன் கல்லுல விதி எழுதி வெப்பானா? தங்கினவன்தான் எழுதுவான்.

சரி, பழசை விடுங்க. வல்வெட்டித்துறையில கட்டின 'அன்னபூரணி' பாய்க்கப்பலை ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் வாங்கினார். அதை அந்த ஊர்க்காரங்களே ஓட்டிட்டுப் போய், 1938 ஆகஸ்டுல மாசசூசெட்ஸ் குளோஸ்டர்ல நிறுத்தினாங்க. நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பக்கத்து புதுச்சேரிக்காரர் ரூபா, கடற்படை அதிகாரி. தில்னாவோட சேர்ந்து, ரெண்டே பேரா, 'தாரிணி' பாய்ப்படகுல 2024 அக்டோபர்ல கோவாவுல கிளம்பி, உலகத்தையே சுத்தி 2025 மே மாசம் திரும்பினார். எட்டு மாசம்! பூமத்திய ரேகைப் பக்கம் காத்தே செத்துக் கிடக்கற கடலையும் தாண்டித்தான் அந்த வழி. இவங்களுக்கு எத்தனை பதிவு போட்டோம்?

எனக்குக் கோபம் இதுலதான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான்னு ஒவ்வொரு காத்துக்கும் பேர் வெச்சவங்க கடலோடிகள். எந்தக் காத்துல பாய் விரிக்கணும், எப்ப சுருட்டிட்டு சும்மா இருக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். அந்த அறிவு தோணி ஓட்டின தண்டல்களோட போய்க்கிட்டிருக்கு. நாம இங்க புலிக்கொடிக்குக் கலர் அடிச்சுட்டிருக்கோம்.

எங்க ஊர்ல அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் முடிஞ்சு பஸ்ஸுக்குக் காத்திருந்து பாருங்க. விடியறதுக்குள்ள பக்கத்துல உக்காந்திருக்கறவங்க ஊர், உறவு, பொண்ணு கல்யாணம் எல்லாம் தெரிஞ்சுடும். கப்பலுக்காகக் காத்திருந்தவனும் அப்படித்தான் பாஷை கத்துக்கிட்டிருப்பான், கடை போட்டிருப்பான், சம்பந்தமும் பண்ணியிருப்பான்.

அதனால தூத்துக்குடி, நாகை, வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பதிவர்களே, ஒரு வேண்டுகோள். வீட்டுல தோணியில போன தாத்தா யாராவது இருந்தா, "எத்தனை நாள் காத்துக்குக் காத்திருந்தீங்க, அப்ப என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டு எழுதுங்க. ராஜேந்திரன் எங்கயும் ஓடிட மாட்டார். தாத்தா அப்படியில்லை.