கணக்கு வராத பிள்ளையா, வாசிக்கப் பழகாத பிள்ளையா?

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கணிதக் கொப்பியுடன் என்னிடம் வந்தாள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருப்பவள். நானோ கலைப் பட்டதாரி. முப்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதிய வசனங்களைத் திருத்திப் பிழைத்தவன். "சமன்பாட்டைத் தந்தால் தீர்ப்பன் மாமா. வசனத்திலை தந்தால்தான் ஒண்டும் விளங்குதில்லை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கொப்பியை வாங்கிப் பார்த்தேன்.

கணக்கு இதுதான்: "கிலோகிராம் ஒன்று 200 ரூபா விலையுள்ள நாட்டரிசியும் 260 ரூபா விலையுள்ள சம்பா அரிசியும் கலக்கப்பட்டு, கிலோகிராம் ஒன்று 240 ரூபா பெறுமதியான 30 கிலோகிராம் கலவை தயாரிக்கப்படுகிறது. ஒவ்வொரு வகையிலும் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது?"

பாடநூலில் எக்ஸ், வை என்று வரும் எழுத்துகளை இங்கே அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை எழுதியிருந்தது:

அ = நாட்டரிசி, ஆ = சம்பா
அ + ஆ = 30
200அ + 260ஆ = 240

முதலாவது சமன்பாடு சரி. இரண்டாவது பிழை. நான் கணிதம் எதையும் விளக்கவில்லை. செய்தி ஆசிரியர் இளம் நிருபரிடம் கேட்பதைப் போலக் கேட்டேன்: "இடப்பக்கம் எதைப் பற்றிப் பேசுகிறது? வலப்பக்கம் எதைப் பற்றிப் பேசுகிறது?" சற்று யோசித்தாள். இடப்பக்கம் கலவை முழுவதன் பணம். வலப்பக்கம் ஒரேயொரு கிலோகிராமின் விலை. தானாகவே 240ஐ 30ஆல் பெருக்கி 7200 என்று எழுதினாள். அதன் பின்னர் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாட்டரிசி 10 கிலோகிராம், சம்பா 20 கிலோகிராம். 2000 ரூபாவும் 5200 ரூபாவும் சேர்ந்தால் 7200 ரூபா என்று சரிபார்த்தும் காட்டினாள்.

இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எவ்வாறு சொல்ல முடியும்? அவளுக்கு வராதது வாசிப்பு. சமன்பாடு என்பதும் ஒரு வசனமே. அதற்கும் ஓர் எழுவாய் உண்டு. முதலாவது வசனம் நிறையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது பணத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரே வசனத்தில் இரண்டையும் குழப்பினால் செய்தியும் பிழைக்கும், கணக்கும் பிழைக்கும்.

இன்னொரு பிழை அதைவிட நுட்பமானது. 'அ' என்பது நாட்டரிசி அன்று. நாட்டரிசி எத்தனை கிலோகிராம் என்ற எண். எழுத்தைப் பொருளின் பெயராகக் கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோன் கிளெமென்ட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வொன்றில், "பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர்" என்ற வசனத்தைச் சமன்பாடாக்கும்படி கேட்கப்பட்டது. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் பிழையாக எழுதினர். பேராசிரியர் தொகையை ஆறால் பெருக்குவதற்குப் பதிலாக மாணவர் தொகையைப் பெருக்கியதே அவர்களிடம் அதிகம் காணப்பட்ட தவறு. பொறியியல் படிக்க வந்தவர்களுக்கே அந்த நிலை.

வாசிக்கப் பழகியவருக்கோ கதை மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. 24 கரட் தங்கத்தையும் 18 கரட் பழைய நகையையும் உருக்கி, 22 கரட்டில் மூன்று பவுண் சங்கிலி செய்ய வேண்டும் என்று வையுங்கள். அ + ஆ = 3 என்பது நிறை. 24அ + 18ஆ = 66 என்பது தரம். அந்த 66 என்பது 22ஐ மூன்றால் பெருக்கியது. அரிசிக் கணக்கின் 7200 வந்த அதே வழி. தங்கம் இரண்டு பவுண், பழைய நகை ஒரு பவுண்.

இரண்டு தெரியாக்கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லுவார்கள். அவை ஒன்றையொன்று சாராத இரண்டாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அத்தகைய இரண்டு மூடைகளில் 60 கிலோகிராம் இருக்கும்" என்பது புதிய தகவல் அன்று. முதலாவது சமன்பாட்டை இரண்டால் பெருக்கியது மட்டுமே. அதை வைத்து எந்த விடைக்கும் வர முடியாது. ஒரே அறிக்கையை மூன்று நிறுவனங்கள் மூன்று விதமான சொற்களில் வெளியிட, மூன்று ஆதாரங்கள் இருப்பதாக எண்ணிச் செய்தி எழுதியவர்கள் எங்கள் துறையில் பலர். நானும் எழுதியிருக்கிறேன். அன்று என் கையில் இருந்தது ஒரேயொரு சமன்பாடு!

ரியூசன் வகுப்புகளில் "கலவைக் கணக்கென்றால் இப்படிப் போடு" என்று அச்சு வார்த்துக் கொடுக்கிறார்கள். எண்கள் மாறினால் அந்த அச்சு தாங்கும்; வசனம் மாறினால் உடைந்துவிடும். நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் அன்று. ஒவ்வோர் எழுத்தும் எதன் எண்ணிக்கை, எந்த அலகில் என்பதைப் பிள்ளை முழு வசனமாக எழுதட்டும். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் 'நிறை', 'பணம்' என்று ஒரு சொல் எழுதட்டும். சில வேளைகளில் சமன்பாட்டைக் கொடுத்துக் கதையை எழுதச் சொல்லுங்கள். தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் அது.

வினாக்களின் தமிழும் குற்றமற்றதன்று. மேலே தந்த கணக்கு என் மேசைக்கு வந்திருந்தால் மூன்று சிறு வசனங்களாக உடைத்திருப்பேன். "கலக்கப்பட்டு", "தயாரிக்கப்படுகிறது" என்ற சொற்களை எடுத்துவிட்டு, "வியாபாரி ஒருவர் கலக்கிறார்" என்று எழுதியிருப்பேன்.

பத்தாம் வகுப்பில் என் ஆசிரியர் ஒருவர் எனக்குக் கணக்கு வராது என்று தீர்ப்புச் சொன்னார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கொப்பியை மூடிக்கொண்டு எழும்பியபோது, "எனக்கும் கணக்கு வரும்போலை கிடக்கு மாமா" என்றாள். ஒரு வசனத்தை இரண்டு தரம் வாசிக்கக் கற்றுக் கொடுக்காமல், இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு நாம் அந்தத் தீர்ப்பை எழுதப் போகிறோம்?