மூடியைத் தொடும் போல்ட்

பாடகர் மெஹ்பூபை இன்னும் மறக்காத ஊர் மட்டாஞ்சேரி. அவர் மறைந்தது 1981-இல். பாட்டுப் பித்துள்ள ஊரில் ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகப் பூட்டும் கைகளும் இருக்கும். அந்தக் கைகளுக்குப் பிடித்தமானது, மெதுவடை வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர். உயரம் குறைவு, காந்தக் கசிவு குறைவு, அதனால் ஸ்பீக்கரில் உறுமலும் குறைவு. வடிவம் புதிதல்ல. 1831 ஆகஸ்டில் லண்டனில் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டதே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றித்தான்.

வில்லங்கம் வடையின் ஓட்டையில் இருக்கிறது. அதன் வழியே போகும் ஒரே போல்ட்தான் டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் அடித்தகட்டோடு பிடித்துக்கொள்கிறது. அதுவரை சரி. போல்ட் சற்று நீளமாகி உலோக மூடியையும் தொட்டுவிட்டால்? போல்ட், மூடி, பக்கச் சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து வளையத்தைச் சுற்றிய ஒரு முழுச் சுற்று ஆகிவிடும். அதாவது, ஷார்ட் ஆன செகண்டரி.

300 விஏ ரகத்தில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வழியின் மின்தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஓடுவது 250 ஆம்பியர். வெப்பம் 60 வாட்டுக்கு மேல். மெயின்ஸ் பக்கம் கூடுவதோ கால் ஆம்பியர் சொச்சம். ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். பூமிக்குக் கசிவு இல்லாததால் ஈஎல்சிபியும் தூங்கும். தடை இன்னும் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும்.

போல்ட்டின் மேல்முனையிலிருந்து பெட்டிக்கு எர்த் வயர் இழுப்பதும் இதே தப்புதான். (ரொம்ப ஜாக்கிரதையான ஆட்கள் செய்வது.) எர்த்துக்குத் தனி போல்ட் வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்க வேண்டும். மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். அவ்வப்போது திறந்து பார்ப்பது நல்லது.

டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலும் கீழும் ரப்பர் வாஷர் அவசியம். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் கம்பியின் இன்சுலேஷன் நசுங்கும். மூடி எட்டுகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி சப்பாத்தி மாவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போல்ட் தலையில் ஓர் உருண்டை வைத்து மூடியைத் திருகித் திறந்தால், மிஞ்சிய மாவின் கனம்தான் இடைவெளி. ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். மேலே சிடி பிளேயரை ஏற்றும் பழக்கமுள்ளவர்கள் அதையும் ஏற்றிவைத்தே பார்க்க வேண்டும். தகடு எவ்வளவு தாழ்கிறது என்பது மாவில் தெரிந்துவிடும்.