ஒப்பாரியும் செபந்தான்

எங்கம்மா செத்தது 1996 கார்த்திகை மாசம். மூணு நாளா அடைமழை. எங்க ஊர்ல கிறித்தவங்களுக்குக் கல்லறை ரெண்டு. ஊர்த்தெருக்காரங்களுக்குக் கோயிலுக்குப் பின்னால, சிமிட்டி ரோட்டை ஒட்டி. சேரிக்கு ஓடைக்கு அந்தப்புறம். பிணம் வைத்துத் தூக்குகிற தூம்பாவும் ரெண்டு. கோயில் ஒண்ணு, மாதா ஒண்ணு, சாமியார் ஒருத்தர். செத்தா மட்டும் எல்லாம் ரெண்டு.

ஓடையில இடுப்பளவு தண்ணி. ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப்போனால் பாலம் இருக்கிறது, கால் நனையாமல் போயிடலாம். போய்க் கேட்டோம். 'வழக்கமில்லை' என்றார்கள். கேட்ட நாங்களும் மறுத்த அவர்களும் ஒரே பூசையில் ஒரே நற்கருணை வாங்குகிறவர்கள்.

கோயில் வாசலில் உடலை இறக்கினதும் பெரியம்மா ஒப்பாரி எடுத்தது. சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். நம்பிக்கை இல்லாத அஞ்ஞானிகள் மாதிரி அழக்கூடாது, அவங்க மோட்சத்துல இருக்காங்க, செபம் சொல்லுங்க என்றார். பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டது. அப்புறம் உயிர்ப்பைப் பற்றி நல்லதொரு பிரசங்கம். முடிந்ததும் நாங்கள் தூம்பாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணிக்குள் இறங்கினோம். சாமியார் கரையோடு திரும்பிவிட்டார். குழியை மந்திரித்தது உபதேசியார்தான்.

தண்ணிக்குள் கால் வைத்ததும் பெரியம்மா மறுபடி ஆரம்பித்தது. நாத்துக்கட்டு சுமந்தப்ப உன்னைத் தெருவழியே விட்டாங்களே, வெறுங்கையோட போறப்ப விடலையேன்னு கேட்டது. மாதாவே, நீயும் புள்ளையப் பறிகொடுத்தவதானே, பாத்துக்கிட்டா நிக்கிறேன்னு மாதாவையே மடக்கியது. அன்றைக்கு அது எனக்கு ஒப்பாரியாகத்தான் கேட்டது. அந்தச் சாவில் சொல்லப்பட்ட ஒரே செபம் அதுதான் என்று தெரிய எனக்குப் பல வருசம் ஆனது.

இடையில் நான் செபத்தை விட்டுவிட்டேன். இயக்கத்துக்கு வந்தபிறகு அது சுலபமாகவும் இருந்தது. மதம் அபின் என்று மார்க்ஸ் சொல்லிவிட்டார், முடிந்தது. 1844இல் எழுதின அதே பத்தியில், ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சும் மதந்தான் என்கிற பொருளிலும் அவர் எழுதியிருக்கிறார். மேடைகளில் நாம் பாதியைத்தான் சொல்கிறோம். அண்ணல் அம்பேத்கர் இன்னும் கூர்மையாகப் பிடித்தார். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை குறித்து எழுதும்போது, உன் துன்பத்துக்குக் காரணம் உன் பாவம் என்று போதித்தால், தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தோடு மோதுகிற எண்ணம் மாறியவனுக்கு எப்படி வரும் என்கிற கேள்வியை வைத்தார். அதை மறுக்க நான் வரவில்லை. பிரசங்க மேடையின் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். அது எங்களை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

என் சண்டை வேறு. சாவு வீட்டில் 'அழாதே, செபம் பண்ணு' என்கிறார் சாமியார். 'செபம் பண்ணாதே, போராடு' என்கிறார் தோழர். ரெண்டு பேரும் பெரியம்மாவின் வாயைத்தான் மூடுகிறார்கள். ரெண்டு பேருமே அந்தம்மா என்ன சொல்லி அழுதது என்று காது கொடுக்கவில்லை.

முதலில் சாமியாரிடம் வருவோம். அவர் சொன்ன வசனம் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில், நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்து அதுதான் என்பது அறிஞர் பலரின் கருத்து, கி.பி. 50ஐ ஒட்டியது. அழவே கூடாது என்று பவுல் எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்கள் மாதிரித் துக்கப்படாதீர்கள் என்கிறார். ஏன் அதை எழுத நேர்ந்தது? கிறிஸ்து சீக்கிரம் வந்துவிடுவார் என்று காத்திருந்த சனத்தில் சிலர் செத்துப் போகிறார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஒரே பதைப்பு: செத்தவங்க பின்தங்கிப் போயிடுவாங்களா? உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் முதல் வரிசையா? இல்லை என்கிறார் பவுல். இருப்பவர் செத்தவரை முந்திக்கொள்ள முடியாது. செத்தவர்களே முதலில் எழுவார்கள்.

அதாவது, யாரையும் பின்னால் தள்ளிவிட்டு யாரும் முன்னால் போக முடியாது என்பதுதான் அந்த நம்பிக்கை. இந்த வசனத்தை வைத்தா ஓடைத்தண்ணியில் போனவர்களின் வாயை அடைத்தார்கள்? அன்றைக்கு அது படிக்கப்பட்டிருக்க வேண்டியது, பாதை மறுத்தவர்களின் முகத்துக்கு நேரே.

இது எங்க ஊர்க் கதை மட்டுமில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். அது நாடறிந்த சுவர். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில் தனிக் கல்லறை, தனித் தூம்பா என்று ஒதுக்கப்பட்ட தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டு 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது, செத்த ரெண்டு பேரும் சாதிக் கிறித்தவர்கள். அந்த ரெண்டு வீட்டுச் சாவும் சாவுதான். அவர்களின் தாய்மார் அழுததும் அழுகைதான். ஒரே விசுவாசத்துக்காரர்கள் சாதிக்காகச் சாவையும் விலைக்கு வாங்கினார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

தமிழக ஆயர்கள் 2003 நவம்பரில் ரோமுக்குப் போனபோது, சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடத் திருச்சபைக்கு ஆகாது என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் சொல்லியனுப்பினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இன்னொரு பக்கம் அரசு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதி தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நமக்கு இல்லை. கிறித்தவத்தில் சாதி இல்லையாம்! தீர்ப்பெழுதுகிறவர்கள் ஒருதடவை எங்கள் கல்லறைக்கு வந்து பார்க்கட்டும். செத்தபிறகும் சாதி போகவில்லை என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறார்கள். ஆத்துமா அல்ல, உடல். அந்த உடல்களுக்கு நடுவில் சுவர் வைக்கிறவன் எதை விசுவசிக்கிறான்? கடைசி நாளில் எக்காளம் ரெண்டு தடவை ஊதும், சேரிக்குத் தனியாக ஊதும் என்றா? கல்லறையில் சுவர் வைத்தவன் உயிர்ப்பை நம்பவில்லை என்பதுதான் உண்மை. அவன் நம்புவது சாதி சாகாது என்பதை.

இப்போது தோழர்களிடம். செபம் என்றால் கைகட்டிக் கேட்பது என்று யார் சொன்னது? லாசர் செத்தபோது மார்த்தாளும் மரியாளும் யேசுவிடம் என்ன சொன்னார்கள்? நீ இங்க இருந்திருந்தா எங்க தம்பி செத்திருக்க மாட்டானே என்று ஆளுக்கொரு தடவை குற்றம் சாட்டினார்கள். அவர் கோபிக்கவில்லை, அவரும் அழுதார். அப்புறம் கல்லறையை அடைத்திருந்த கல்லை அற்புதத்தால் நகர்த்தவில்லை. நகர்த்தச் சொன்னது அங்கே நின்ற சனத்தை. வெளியே வந்தவனின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னதும் அவர்களைத்தான். உயிர் கொடுப்பது கடவுள் பாடு என்றால், கல்லைப் புரட்டுவது மனுசர் பாடு.

ரிஸ்பாள் கதை பலருக்குத் தெரியாது. பிரசங்கத்தில் அதிகம் வராத கதை. சாமுவேல் இரண்டாம் புத்தகம், இருபத்தோராம் அதிகாரம். நாட்டில் மூணு வருசம் பஞ்சம். சவுல் சிந்தின ரத்தத்துக்கு ஈடாக அவன் வம்சத்தில் ஏழு பேரைத் தாவீது ராசா பிடித்துக் கொடுக்கிறான். அவர்களைக் கொன்று மலையில் தொங்கவிடுகிறார்கள். அதில் ரெண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் பாறைமேல் ரெட்டை விரித்து உட்கார்ந்தாள். அறுவடை தொடங்கினதிலிருந்து மழை விழும்வரைக்கும் பகலில் பறவையையும் ராத்திரியில் மிருகத்தையும் அந்தப் பிணங்களை அண்டவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட எழுதப்படவில்லை. செய்தி ராசாவுக்குப் போகிறது. அவன் வெட்கப்பட்டானோ என்னவோ, எலும்புகளைச் சேர்த்தெடுக்க ஆளனுப்புகிறான். சவுலின் எலும்பும் யோனத்தானின் எலும்பும் சொந்த மண்ணில் அடக்கமாகின்றன. அதற்குப் பின்புதான் நாட்டுக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்கிறது வேதம்.

கவனியுங்கள். ஏழு பேரைக் கொன்றவுடனே கேட்கவில்லை. பிணத்துக்கு மரியாதை கிடைத்த பிறகே செபம் கேட்கப்பட்டது. ராசாவை மண்ணில் இறங்க வைத்தது ஒரு தாயின் துக்கம். துக்கத்தை அவசரமாக மூடி 'ஆறுதல்' சொல்லியிருந்தால் அந்த எலும்புகள் மலையிலேயே கிடந்திருக்கும்.

கிறித்தவ நம்பிக்கை என்று எனக்கு ஏதாவது மிச்சமிருந்தால் அது இதுதான். செத்தவர் கணக்கு இன்னும் முடியவில்லை என்கிற பிடிவாதம். மோட்சத்தைக் காட்டி ஓடையை மறக்கச் சொல்வது நம்பிக்கை ஆகாது. அம்மா மோட்சத்தில் இருக்கும், இருக்கட்டும். அதுக்குப் பாதை தராதவன் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் என் செபத்தில் இருக்கும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு, நாம் 'பரட்டை' என்று அறிந்தவர், வழிபாட்டை நாட்டுப்புற இசைக்குக் கொண்டுவந்தார். சாவுக்கு அடிக்கிற இழிவான மேளம் என்று தள்ளப்பட்ட பறை இன்று சில கோயில்களில் பீடத்தருகே ஒலிக்கிறது. ஒப்பாரிதான் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. அதைப் பாடுகிறவர்கள் பெண்கள், அதிலும் எங்கள் பெண்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் ஒப்பாரி தெரிந்த கிழவிகள் இருக்கும்போதே போய் எழுதி வையுங்கள். ஒரு ஊரின் சாதி வரலாறே அதில் இருக்கிறது. பங்குகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றைக்குச் சாமியார் ரெண்டு கல்லறைக்கும் ஒரே ஊர்வலமாக, எல்லா சனத்தோடும் வரட்டும். வராவிட்டால் அந்த மந்திரிப்பு நமக்கு வேண்டாம். ஒரு தூம்பா, ஒரு பாதை, ஒரு கல்லறை. இந்த மூணும் இல்லாத இடத்தில் உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்க மாட்டோம் என்று எழுந்து நிற்போம்.

2011 சித்திரையில் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தது. கோயில் வாசலில் எங்க அக்கா ஒப்பாரி எடுத்தது. அப்போதிருந்த இளஞ்சாமியார் புத்தகத்தைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். அக்கா அழுகையை நிறுத்தாமலே, "இருங்க சாமி, இது முடியட்டும், அப்புறம் ஒங்க செபம்" என்றது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு நின்றார். கடைசிவரை நின்றார். எங்ககூட ஓடைக்கும் வந்தார். வெயில் காலம், தண்ணி இல்லை.

பாதை மட்டும் இன்னும் ரெண்டுதான்.