வாத்துக்கு முதலில் கொட்டில், பிறகுதான் குளம்

கொல்லையில் பத்து வாத்து விட நினைப்பவர்கள் முதலில் சிமெண்டுத் தொட்டிக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. முட்டையிட வாத்துக்கு நீச்சல் அவசியமில்லை. அலகையும் கண்ணையும் கழுவிக்கொள்ள, தலை அமிழும் அளவுக்கு 5, 6 அங்குலத் தண்ணீர் போதும்.

கையிலுள்ள பணத்தை இரவுக் கொட்டிலில் போடுங்கள். வாத்து ஒன்றுக்கு 3 முதல் 4 சதுர அடி இடம், நாயும் கீரியும் நுழையாத கம்பி வலை, ஈரமில்லாத உமிப் படுக்கை. காலை 9 மணிக்கு முன் திறந்துவிட வேண்டாம். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். முன்னதாகத் திறந்தால் முட்டை வாய்க்காலோடு போகும். பிறகு வாத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

குளம் வேண்டும் என்பவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். ஆனால் தென்னை, வாழைக்கு மேட்டில் அமைத்து, அடியில் ஒரு குழாய் பதியுங்கள். எச்சம் கலந்த நீர் தானே மரத்துக்குப் பாயும், உரச் செலவும் கொஞ்சம் மிஞ்சும். வடிகாலற்ற குட்டை கோடையில் நாறிவிடும். அந்த அழுகல் சேற்றைக் கிளறித் தின்று, கழுத்துத் துவண்டு செத்த வாத்துகளை நான் பார்த்திருக்கிறேன். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் அப்படித்தான். கோழி தாங்கும் நஞ்சை வாத்துக் குஞ்சு தாங்காது.