ஒரு குழந்தை வந்தாலும் தடுப்பூசிக் குப்பியைத் திறக்க உத்தரவிடக் கோரும் மனு

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள் சமூகத்திற்கு, மலையோரக் கிராமங்களின் பெற்றோர் சங்கச் செயலாளர் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் கோரிக்கை மனு.

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. கைக்குழந்தை உள்ள குடும்பத்தாரே இதன் அங்கத்தினர்.

இவ்விஷயம் குறித்துத் தை மாதத்தில் ஒரு விண்ணப்பமும், விடை வாராமையால் சித்திரையில் ஒரு நினைவூட்டும், ஆடியில் முன்னவற்றின் நகல்களைச் சேர்த்து மற்றொரு கடிதமும் அனுப்பினோம். முதலாவது, எந்தச் சுகாதார நிலையத்தின்மீது முறையிட்டோமோ அந்நிலையத்திற்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று அனுப்பப்பட்டதாக அறிந்தோம். மற்றவற்றின் கதி தெரியவில்லை. ஆதலால் அவற்றில் கண்ட சங்கதிகளையே மீண்டும் எழுத நேர்கிறது. படிப்பவருக்கு அது சலிப்பாயிருக்கலாம். எழுதுகிறவனுக்கும் அதில் உற்சாகம் ஏதுமில்லை.

ஒன்பது மாதம் நிறைந்தவுடன் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட வேண்டும் என்று தாய்சேய் நல அட்டையில் தேதி குறித்துக் கொடுப்பவர்களும், அத்தேதியை மறவாமல் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம், "ஒரு பிள்ளைக்காகப் பாட்டிலை உடைக்க முடியாதம்மா, இன்னும் நாலு பேர் சேரட்டும், அடுத்த புதன் வா" என்று சொல்லித் திருப்பியனுப்புபவர்களும் ஒரே நிலையத்தார் என்பதே எங்கள் முறையீட்டின் சாரம். சிற்றூர்களில் ஊசிக்குரிய பருவத்தில் பத்துக் குழந்தைகள் ஒரே நாளில் அமைவதில்லை என்பதை எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டியதில்லை. கூலியை இழந்து வந்த தாய் இன்னொரு முறை வருவாள்; அதற்கடுத்த முறை வீட்டார் அனுப்பமாட்டார்கள். அப்பால் அக்குழந்தை பதிவேட்டில் 'விடுபட்டது' என்று ஏறுகிறது. காரணம் என்னும் கட்டத்தில் தாய் வரவில்லை என்று எழுதப்படுகிறது!

ஊழியரின் கவலையை நாங்கள் உணராதவர்களல்லர். தட்டம்மை–ரூபெல்லா மருந்தும் காசநோய்க்கான பிசிஜி மருந்தும் பொடியாக வருவன. பெரும்பாலும் ஒரு குப்பி பத்துக் குழந்தைகளுக்கு உரியது. கரைத்த நான்கு மணி நேரத்திற்குள் உபயோகித்து, எஞ்சியதை அப்புறப்படுத்த வேண்டும். பென்டாவேலன்ட், போலியோ சொட்டு மருந்து முதலியவற்றையோ, குளிர்ச்சி கெடாமலும் குப்பியின்மீதுள்ள வெப்பக் குறி எல்லை கடவாமலும் இருப்பின், திறந்தபின் 28 நாள் வரை வைத்து வழங்கலாம். ஆகவே திருப்பியனுப்பப்படுவோர் பெரும்பாலும் முதலிற்சொன்ன இரண்டு ஊசிகளுக்கு வந்தவர்களே. ஆனால் மருந்து வீணாகுமே என்னும் அந்தக் கவலையைச் சர்க்கார் முன்னரே கணக்கில் எடுத்துக்கொண்டு, பிசிஜிக்கு 50 சதவீதமும் தட்டம்மை–ரூபெல்லாவுக்கு 25 சதவீதமும் சேதாரம் அனுமதித்து, அதனைக் கூட்டியே மருந்தைத் தருவிக்கிறது. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே விதி. பத்தருக்குச் சேதாரமும் சேர்த்துப் பொன்னை நிறுத்துக் கொடுத்த பின்பு, பொன் குறையுமே என்று அவர் நகை செய்ய மறுப்பாரானால் அவரை என்னென்பது?

காலத்தைத் தள்ளிப்போடுவதில் அபாயம் இல்லையென்று எவரும் கருதலாகாது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி ஒன்பது மாத அளவில் பெரிதும் குன்றிவிடுகிறது. மிக முந்திப் போட்டால் ஊசி சரிவரப் பலிப்பதில்லை, பிந்தினாலோ குழந்தை அவ்வளவு காலமும் காப்பின்றி இருக்கிறது. நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரு தவணையும் பெற்றாலன்றித் தட்டம்மையின் பரவல் அடங்காது என்பது வைத்திய சாஸ்திரிகள் கண்ட முடிவு.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்டபின் நான்கு குழந்தைகள் மாண்ட துயரத்தை அடுத்து, கிராமங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் உள்ள நிலையங்களுக்கு அப்பணி மாற்றப்பட்டது. எச்சரிக்கைக்கு நாங்கள் விரோதிகளல்லர். ஆயினும் தேசிய குடும்பநல ஆய்வின்படி, முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் இம்மாநிலத்தில் 2005–06இல் 80.9 சதவீதமாயிருந்து 2015–16இல் 69.7 ஆகக் குறைந்ததையும் தாங்கள் அறிவீர்கள். தூரம் ஒன்றே இவ்வளவு செய்யக்கூடுமானால், தூரத்தைக் கடந்து வந்தவளையும் திருப்பியனுப்புவது என்ன செய்யும்?

ஆகவே, ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டுமென்று எழுத்து மூலம் உத்தரவிட்டு, அதனை நிலையத்தின் வாசலில் தமிழில் ஒட்டச் செய்ய வேண்டும். எக்காரணத்தாலேனும் திருப்பியனுப்பினால் அக்காரணத்தைத் தேதியிட்டு அட்டையிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட சேதாரத்திற்காகச் செவிலியரிடம் விளக்கம் கேட்கலாகாது. இம்மூன்றாவதை நிறைவேற்றாமல் முதலிரண்டையும் நிறைவேற்றுவதில் பிரயோஜனம் இராது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இதர கோரிக்கைகளாவன: ஊசி போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்கும் தாய்மாருக்குப் பெஞ்சும் குடிநீரும் அமைத்தல், அட்டை தீர்ந்த மாதங்களில் நோட்டுத் தாளில் எழுதித் தரும் வழக்கத்தை ஒழித்தல், சாதாரணச் சளிக்காகக் குழந்தையைத் திருப்பாதிருத்தல், தவணை தவறியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம் என்பதைத் தெரியப்படுத்துதல், நிலையத்தின் சுவர்க்கடிகாரத்தைப் பழுதுபார்த்தல்.

ஊசி தவறிய குழந்தைகளின் அட்டை நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வரும் புதன்கிழமைக்குள் உத்தரவு பிறக்குமாயின், அக்குழந்தைகளைச் சங்கமே அழைத்து வரும்.

இங்ஙனம்,
செயலாளர்